தீவிர சிகிச்சையில் குழந்தைகளுக்கு வரும் ஓபியாய்டு விலகல் அறிகுறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாள் வெண்டிலேட்டரில் இருந்த குழந்தைக்கு நோய் தணிந்து, தொண்டையிலிருந்த டியூபையும் எடுத்த பிறகு, நடுக்கமும் வியர்வையும் விடாத அழுகையும் வயிற்றுப்போக்குமாகப் புதிதாக ஒரு தொல்லை தொடங்குவது உண்டு. பல நாள் ஓடிய வலி மருந்தைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ வரும் இதைத்தான் விலகல் அறிகுறி என்கிறோம். ஆபத்து நீங்கியது என்று மூச்சுவிட்ட பெற்றோர் மறுபடி பதறிப் போகிறார்கள். பணிக்குப் புதிதாக வந்த செவிலியர்களும் இது என்னவென்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். இவ்விரு தரப்பினரும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதைக் குழந்தையின் எடை, வயது, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்துக் கட்டிலருகில்தான் முடிவு செய்ய முடியும் என்பதால், இதை மருந்துச் சீட்டாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓபியாய்டு என்றால் என்ன? அதைக் குழந்தைக்குக் கொடுக்காமலே இருக்கலாமே?

அபினிச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து எடுக்கப்படுவது மார்ஃபின். அதே வேலையைச் செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது ஃபென்டனில். (நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் இந்தச் செடியின் விதைதான், ஆனால் மயக்கும் சரக்கு விதையில் இல்லை, காயின் பாலில் இருக்கிறது.) மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஒரே வகை ஏற்பிகளை (நரம்பணுக்களில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை)ப் பிடித்து வலியைக் குறைக்கும் இம்மருந்துகள் அனைத்துக்கும் சேர்த்து ஓபியாய்டு என்று பெயர்.

கொடுக்காமல் இருக்கலாமா என்ற கேள்விக்கு மருத்துவ வரலாறே பதில் சொல்லிவிட்டது. பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சக ஆய்வாளர்களும், இதயத்தருகே இரத்தக்குழாயைக் கட்டும் அறுவை சிகிச்சைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டனிலையும் சேர்த்துக் கொடுத்தபோது, உடலின் அழுத்த ஹார்மோன்கள் பொங்குவது வெகுவாகக் குறைந்ததை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தொண்டையில் டியூபும் மார்பில் வடிகுழாயும் இருக்கும் குழந்தைக்கு வலி மருந்தை மறுப்பது சரியல்ல. விலகல் அறிகுறி வரும் என்ற பயம் அதற்கு நியாயமாகவும் முடியாது.

அப்படியானால் என் குழந்தை போதைக்கு அடிமையாகிவிட்டதா?

இல்லை. மருந்தின் மீது ஏக்கம் கொண்டு, தீங்கு தெரிந்தும் அதைத் தேடிப் போவதைத்தான் அடிமைத்தனம் என்கிறோம். எட்டு மாதக் குழந்தை எதையும் தேடிப் போவதில்லை. அதன் உடல் பல நாள் ஓடிய மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். தொடர்ந்து கொடுத்தால் யாருடைய உடலும் இப்படிப் பழகும். இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லாமல் விட்டுவிட்டு, நடுக்கம் வந்த பிறகு சொன்னால், சாக்குச் சொல்வதாகவே அவர்கள் காதில் விழுகிறது.

உடலுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

கிணற்றில் இராட்டினத்தில் நீர் இறைப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் எடைக்கு ஈடாக அவர் உடலைப் பின்சாய்த்து இழுக்கிறார். கயிறு பாதியில் அறுந்தால், அவருடைய சொந்த வலுவே அவரைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஓபியாய்டு மருந்து நரம்பணுக்களின் வேகத்தை அடக்கி வைக்கிறது. உடலோ அந்த அடக்குதலுக்கு எதிராக உள்ளே தன் இழுப்பை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகிறது. இதனால்தான் முதல் நாள் போதுமானதாக இருந்த அளவு ஐந்தாம் நாள் போதாமல் போகிறது. மருந்து சட்டென்று நின்றால், இழுத்துக்கொண்டிருந்த வலு அப்படியே மிஞ்சி நிற்கிறது. மூளைத்தண்டில், உடலை உசுப்பிவிடும் நோரட்ரினலின் சுரக்கும் அணுக்கள் கட்டவிழ்ந்து துடிப்பதால் இதயம் படபடக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது. மார்ஃபினால் மந்தமாகியிருந்த குடல் ஒரேயடியாக ஓடத் தொடங்கி வயிற்றுப்போக்காகிறது.

எத்தனை நாள் கொடுத்தால் இது வரும்?

தெளிவான கோடு எதுவும் இல்லை. ஆனால் நாட்களும் மொத்த அளவும் கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. 1994இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். வெண்டிலேட்டரில் ஃபென்டனில் தொடர்ச்சியாக ஓடிய 23 குழந்தைகளில் 13 பேருக்கு விலகல் அறிகுறிகள் வந்தன. 5 நாட்களைத் தாண்டியவர்களில், அல்லது மொத்த அளவு கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியவர்களில், பாதிப் பேருக்கு மேல் வந்தது. 9 நாட்களையோ 2.5 மில்லிகிராமையோ தாண்டியவர்களில் எவரும் தப்பவில்லை.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கிலோவுக்கு மணிக்கு 5 மைக்ரோகிராம் வீதம் ஓடினால் ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம், அதாவது 0.12 மில்லிகிராம், 1.5ஐ எட்டப் பன்னிரண்டரை நாளாகும். அளவை 10 மைக்ரோகிராமாக உயர்த்தினால் ஆறேகால் நாளிலேயே எட்டிவிடும். மருந்தைச் செலுத்தும் பம்பில் ஓடும் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். இதுவரை சேர்ந்த மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பவர் குறைவு. இடையிடையே ஒரே தடவையாகச் செலுத்திய கூடுதல் அளவுகளையும் (போலஸ்) இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய குழந்தைகளும், மிடாசோலம் போன்ற தூக்கமூட்டும் மருந்தும் சேர்ந்து ஓடிய குழந்தைகளும் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ கருவியில் இருக்கும் குழந்தையின் ஃபென்டனிலில் ஒரு பகுதி கருவியின் குழாய்களிலேயே ஒட்டிக்கொள்வதால் அளவு விறுவிறுவென்று ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது.

இதை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? இரத்தப் பரிசோதனை உண்டா?

இரத்தப் பரிசோதனை கிடையாது. கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் வழி. இதற்கு இரண்டு அளவுகோல்கள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று, லிண்டா ஃபிராங்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட வாட்-1. 11 கூறுகள், மொத்தம் 12 மதிப்பெண், 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விலகல் அறிகுறி என்று ஐயப்பட வேண்டும். மற்றொன்று, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள சோஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் உருவான எஸ்.ஓ.எஸ்.; அதில் 15 கூறுகள், 4 மதிப்பெண்ணிலிருந்து எச்சரிக்கை. அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இவ்விரண்டில் ஒன்றைப் பயன்படுத்தும்படி பரிந்துரைக்கிறது.

வாட்-1ஐ முறையாகப் போட ஐந்து நிமிடமோ சற்றுக் கூடுதலோ ஆகும். செவிலியர் முதலில் கடந்த 12 மணி நேரக் குறிப்பைப் புரட்டி, தண்ணீராக மலம் போனதா, வாந்தி அல்லது ஓங்கரிப்பு இருந்ததா, வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டியதா என்று பார்க்கிறார். பிறகு கட்டிலருகே நின்று, குழந்தையைத் தொடாமல் இரண்டு நிமிடம் கவனிக்கிறார்: அமைதியாக இருக்கிறதா, கை நடுங்குகிறதா, நெற்றியில் வியர்வை உண்டா, கால்களைத் தாறுமாறாக உதைக்கிறதா, கொட்டாவியோ தும்மலோ வருகிறதா. அடுத்து மெல்லப் பெயர் சொல்லி அழைத்து, பதில் இல்லையென்றால் தொட்டு எழுப்பி, தொட்டதும் தூக்கிவாரிப்போடுகிறதா, தசைகள் விறைத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தபடி, குழந்தை மறுபடி அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணுகிறார். தொடாமல் நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் பரபரப்பான வார்டில் முதலில் காணாமல் போகிறது. தாளில் சுழியம் சுழியமாக நிரம்பியிருந்தால், குழந்தை நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்வதற்கு முன், யாராவது நின்று பார்த்தார்களா என்று நான் கேட்பது வழக்கம்.

வெக்குரோனியம் போன்ற தசைத் தளர்வு மருந்து ஓடும் குழந்தையிடம் இந்த அளவுகோல் செல்லாது. நடுங்குவதற்கான தசையே அங்கே கட்டுண்டு கிடக்கிறது.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வேறு நோயாலும் வரலாமே?

வரலாம், இந்த ஐயம் எப்போதும் இருக்க வேண்டும். மதிப்பெண் 3 என்பது நோய்க்குப் பெயர் சூட்டுவதல்ல, தேடத் தொடங்கச் சொல்வது. புதிய தொற்று, ஆக்சிஜன் குறைவு, இரத்தச் சர்க்கரை இறக்கம், அடக்கப்படாத வலி, ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கு, வலிப்பு ஆகிய எல்லாம் இதே முகத்தோடு வரும். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு சிறுநீர் கட்டிக்கொண்டு குழந்தை துடிப்பதும், வெறும் பசியும்கூட இந்தப் பட்டியலில் உண்டு. வியர்த்து நடுங்குகிறதே என்று மார்ஃபினைக் கூட்டிவிட்டு, மறுநாள் இரத்தத்தில் கிருமி வளர்ந்த முடிவு வரும்போது தலையில் கை வைப்பதில் பயனில்லை.

டெலிரியம் எனப்படும் மனக்குழப்பம் தனிச் சிக்கல். பெற்றோரின் முகத்தைப் பாராமல் வெறித்துப் பார்ப்பதும் பகலிரவு மாறிப்போவதும் அதன் பக்கம் சாய்கின்றன. வியர்வை, தும்மல், வயிற்றுப்போக்கு ஆகியவை விலகல் அறிகுறியின் பக்கம் சாய்கின்றன. இரண்டும் சேர்ந்தே வரும் குழந்தைகளும் உண்டு. காலமும் ஒரு துப்பு: ஃபென்டனிலைக் குறைத்த சில மணி நேரத்திலோ, மார்ஃபினைக் குறைத்த ஒரு நாளுக்குள்ளோ தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்தால், ஐயம் மருந்தின் மீது விழுவது இயல்பு.

தடுப்பது என்றால் எப்போதிருந்து தடுப்பது?

பம்பை ஓடவிட்ட நாளிலிருந்து. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். எப்படி நிறுத்தப்போகிறோம் என்ற யோசனை பெரும்பாலும் டியூபை எடுக்கும் நாளில்தான் எழுகிறது. அதற்குள் பன்னிரண்டு நாள் ஓடி முடிந்திருக்கும். தினமும் காலைச் சுற்றில், இன்று எத்தனையாவது நாள், இதுவரை மொத்தம் எவ்வளவு, இன்று இவ்வளவு தேவையா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே தேவையற்ற அளவு பெருமளவு குறையும்.

ஓபியாய்டின் தேவையையே குறைக்கும் துணைகளும் உண்டு. நரம்பு வழிப் பாராசிட்டமாலை எளிய மருந்து என்று ஒதுக்கிவிடக்கூடாது. இதயமல்லாத பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ராட்டர்டாமில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பாராசிட்டமால் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் 66 சதவீதம் குறைந்தது. அறுவை சிகிச்சைப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் நரம்புத் தடை ஊசிகளும் இதே வகையில் உதவும்.

மதிப்பெண்ணைப் பார்த்துச் செவிலியரே மயக்க அளவைக் கூட்டிக் குறைக்கும் திட்டத்தை, அமெரிக்காவில் 31 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,449 குழந்தைகளிடம் ரிஸ்டோர் என்ற ஆய்வு சோதித்தது. முடிவுகள் 2015இல் வந்தன. வெண்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை, விலகல் அறிகுறிகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஓபியாய்டு நாட்களின் இடைநிலை 10இலிருந்து 9 ஆனது. குழந்தைகள் விழித்து அமைதியாக இருந்த நாட்கள் 75 சதவீதத்திலிருந்து 86 சதவீதமாக உயர்ந்தன. திட்டம் ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோருக்கு இந்த முடிவைக் காட்டுவேன். திட்டமே வேண்டாம் என்போருக்கும் இதையேதான் காட்டுவேன்.

படிப்படியாகக் குறைப்பது எப்படி நடக்கிறது?

மூன்று நாட்களுக்குள் ஓடி முடிந்த மருந்தைப் பெரும்பாலும் விரைவாகவே நிறுத்திவிடலாம். ஒரு வாரத்தை ஒட்டி ஓடியிருந்தால் நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் என்றால் பத்தில் ஒரு பங்கும் குறைப்பது பல பிரிவுகளின் வழக்கம். இந்த அட்டவணைதான் சிறந்தது என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. எழுதி வைத்த அட்டவணை ஒன்றை எல்லோரும் பின்பற்றுவதே முக்கியம். இரவுப் பணி மருத்துவர் ஒரு கணக்கும் பகல் மருத்துவர் ஒரு கணக்கும் வைத்துக்கொண்டால் குழந்தைதான் அல்லாடும்.

பத்தில் ஒரு பங்கு என்பது தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்கு. 100 என்று தொடங்கினால் 90, 80, 70 என்று இறங்கிப் பத்தாம் நாள் முடிய வேண்டும். அன்றன்று ஓடும் அளவில் பத்தில் ஒரு பங்கு என்று புரிந்துகொண்டால் 90, 81, 72.9 என்று போய், பத்தாம் நாளும் ஏறக்குறைய 35 மீதமிருக்கும். கைமாற்றும் குறிப்பில் இந்த ஒரு வரி தெளிவில்லாததால் குழந்தை வாரக்கணக்கில் மருந்தோடு இருந்துவிடுவது நடக்கக்கூடியது.

திட்டமிடாத நிறுத்தம் இதைவிட மோசம். கை வீங்கி ஐ.வி. லைன் போய்விட்டது, புதிய லைன் கிடைக்க மூன்று மணி நேரம். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது பம்பைக் கழற்றி வைத்தார்கள், திரும்பியதும் மாட்ட மறந்தார்கள். அட்டவணையில் இல்லாத இந்த இறக்கங்களுக்குக் குழந்தையின் உடல் உடனே கணக்குக் கேட்கும். குடல் வேலை செய்யத் தொடங்கியதும் மூக்குக் குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ மருந்தை மாற்றிக்கொள்வதில், லைன் போய்விடுமோ என்ற கவலை இல்லாத நிம்மதியும் உண்டு. வாய்வழி மார்ஃபினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இரத்தத்தைச் சென்றடைவதால், ஊசி அளவை அப்படியே வாய்வழிக்கு எழுதக்கூடாது.

மெத்தடோன், குளோனிடின் என்று வேறு மருந்துகளையும் சேர்க்கிறார்களே, ஏன்?

மெத்தடோனும் ஓபியாய்டுதான், ஆனால் உடலில் நெடுநேரம் தங்கும், வாய்வழியில் நன்றாக உறிஞ்சப்படும். நெடுநேரம் தங்குவதால் ஏற்ற இறக்கமின்றி மெல்ல இறங்க உதவுகிறது. அதே குணத்தால் இரண்டு மூன்று நாளில் உடலில் சேர்ந்து, எதிர்பாராத தூக்கத்தையும் மூச்சு மந்தத்தையும் உண்டாக்கலாம். ஆகவே தொடங்கிய முதல் நாட்களில் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். இதயத்தின் மின்னோட்டத்தில் கியூ.டி. இடைவெளியை (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரத்தை) அது நீட்டும் என்பதால் இ.சி.ஜி. எடுக்கிறோம். வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும், பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளூகோனசோலும் அந்த இடைவெளியை மேலும் நீட்டக்கூடியவை. மாறாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் மெத்தடோனைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்து, அட்டவணைப்படி கொடுத்தும் விலகல் அறிகுறியை வரவழைத்துவிடும்.

குளோனிடினும் அதே வகையைச் சேர்ந்த டெக்ஸ்மெடடோமிடினும் ஓபியாய்டுகள் அல்ல. கட்டவிழ்ந்த நோரட்ரினலின் ஓட்டத்தை மூலத்திலேயே தணிப்பது அவற்றின் வேலை. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல நாள் கொடுத்த பிறகு இவற்றையும் சட்டென்று நிறுத்தக்கூடாது.

மிடாசோலமும் சேர்ந்து ஓடியிருந்தால்?

அதற்கும் தனி விலகல் அறிகுறி உண்டு, வலிப்பு வரைக்கும் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் குறைத்தால் எதனால் நடுங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றி இறக்குவதே நல்லது.

தடுத்தும் அறிகுறி வந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

மற்ற காரணங்களைத் தேடியபடியே, அதே ஓபியாய்டில் ஒரு மீட்பு அளவு (அறிகுறியை அடக்கத் தனியாகக் கொடுக்கும் ஒரு வேளை) கொடுத்துப் பார்ப்பார்கள். அடங்கினால் அதுவே பெரிய சான்று. அன்று மேலும் குறைக்காமல் அந்தப் படியிலேயே நிற்பார்கள். ஒரே நாளில் மீட்பு அளவு திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால் ஒரு படி மேலே ஏறி, ஓரிரு நாள் நிலைத்த பிறகு மெதுவாக இறங்குவார்கள். இதைத் தோல்வி என்று பெற்றோர் நினைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் தவிர்க்க வேண்டியவற்றில் நலோக்சோன் முதலாவது. ஓபியாய்டை முறிக்கும் மருந்தான அது, ஏற்பிகளிலிருந்து ஓபியாய்டை ஒரே தள்ளாகத் தள்ளி, கடும் விலகல் அறிகுறியை உடனே உண்டாக்கும் என்பதால், மூச்சே நின்றுபோகும் ஆபத்து இருந்தால் தவிர கொடுக்கக்கூடாது. நம் மருத்துவமனைகளில் வலிக்குச் சாதாரணமாகக் கை போகும் பென்டசோசினும், பியூப்ரனார்ஃபினும்கூட இப்படிப்பட்ட குழந்தையிடம் அதே வேலையைச் செய்யலாம். வார்டு மாற்றும்போது இந்த எச்சரிக்கையும் கோப்போடு போக வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இது பசிக்கு அழும் அழுகையல்ல என்று ஒரு தாய் சொன்னால், எந்த அளவுகோலும் தராத தகவல் அது. வெளிச்சத்தைக் குறைப்பது, ஊசி, உடை மாற்றம், இரத்தம் எடுத்தல் ஆகியவற்றை ஒரே நேரத்தில் முடித்து மீதி நேரம் தூங்கவிடுவது, மடியில் வைத்துக்கொள்வது, பழகிய தாலாட்டைப் பாடுவது ஆகியவை எல்லாம் மருந்தோடு சேர வேண்டியவை. பார்வையாளர் நேரம் என்று மாலையில் அரை மணி நேரம் மட்டும் கதவைத் திறக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இவற்றில் எதுவும் நடக்காது. குறைந்தபட்சம் மருந்து குறைக்கும் நாட்களிலாவது தாயோ தந்தையோ உடனிருக்க அனுமதி கேளுங்கள்.

மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினால் எதைக் கவனிக்க வேண்டும்?

எந்தத் தேதியில் எத்தனை மில்லி, எத்தனை வேளை, எந்த நாளோடு முடிகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மருந்தின் திரவம் வெவ்வேறு செறிவில் வரலாம். புதிய பாட்டில் வாங்கும்போது லேபிளில் ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து என்று போட்டிருப்பதைப் பழைய பாட்டிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சமையலறைக் கரண்டியில் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்க வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறதே என்று அட்டவணைக்கு முன்பே நிறுத்தவும் கூடாது, அழுகிறதே என்று ஒரு வேளை கூட்டவும் கூடாது. பாட்டிலைப் பூட்டி வையுங்கள். வீட்டிலுள்ள இன்னொரு குழந்தைக்கு ஒரு வாய் போதும் ஆபத்துக்கு. எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், மெதுவாகும் மூச்சு, உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை திரும்பினால் அனுப்பிய பிரிவை அன்றே தொடர்புகொள்ளுங்கள்.

பின்னாளில் மறுபடி அறுவை சிகிச்சை வந்தால் இந்த மருந்துகளைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம்; கொடுக்கவும் வேண்டும். ஒருமுறை விலகல் அறிகுறி வந்தது ஒவ்வாமை ஆகாது, மார்ஃபின் ஆகாத குழந்தை என்று கோப்பில் எழுதவும் கூடாது. மயக்க மருந்து மருத்துவரிடம் முன்பு எத்தனை நாள் ஓடியது, குறைக்க எத்தனை நாள் பிடித்தது என்று சொன்னால், அவர் தொடக்கத்திலேயே திட்டமிடுவார். ஒன்றை மட்டும் மறவாமல் சொல்ல வேண்டும்: மருந்து நின்று வாரங்கள் கழிந்ததும் உடலின் பழக்கமும் போய்விடுகிறது. ஆகவே சென்ற முறை கடைசி நாட்களில் தாங்கிய உயர்ந்த அளவைப் பழைய கோப்பில் பார்த்து இம்முறை அதிலிருந்தே தொடங்கக்கூடாது. புதிய குழந்தைக்குத் தொடங்குவதுபோலக் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.